கட்டுச்சோறும் காட்டு நீரும்

கட்டுரை ஏடுகளைத் திருத்துவது தமிழாசிரியர்க்குப் பழகிப்போன பணி. தலைமையாசிரியரான பின்னரும் அப்பணியை நான் முற்றிலும் கைவிட்டதில்லை. 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுத்தால் என்ன எழுதப்பட்டிருக்கும் என்பதை ஏட்டைத் திறவாமலே சொல்லிவிடலாம். காலையில் பேருந்து புறப்படும். இயற்கைக் காட்சிகள் கண்ணைக் கவரும். குரங்குகளுக்கு உணவளித்து மகிழ்வார்கள். மாலையில் களைப்போடும் களிப்போடும் வீடு திரும்புவார்கள். முப்பது ஆண்டுகளாக இந்த வாக்கியங்களுக்கு நான் சிவப்பு மையால் 'சரி' போட்டு வந்திருக்கிறேன். பிழை இருந்தால் அது ஒற்றுப் பிழையாகத்தான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் ஏட்டில் கட்டுரை வேறு விதமாக முடிந்திருந்தது. "குரங்குக்குச் சோறு கொடுக்கச் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியர் ஐயா. கொடுத்தவன் என் நண்பன். கடித்தது குரங்கு. கூண்டில் பிடிபட்டதும் குரங்கு. இதில் தவறு செய்தவர் யார்?" அவ்வளவுதான். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்த ஏட்டுக்கு மதிப்பெண் இடாமல் பல நாள் என் மேசையிலேயே வைத்திருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பினாங்குத் தீவின் நடுவே மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் ஓரிடத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். நண்பகலில் மரநிழலில் அமர்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். சிலரிடம் நாசி லெமாக், சிலரிடம் இட்டலி. குட்டியை வயிற்றில் சுமந்த பெண் குரங்கு ஒன்று சற்றுத் தள்ளி வந்து உட்கார்ந்தது. அதைக் கண்டதும் ஒரு சிறுவன் தன் பொட்டலத்தை மூடிப் பைக்குள் வைக்கப் போனான். நான் அவனைத் தடுத்தேன். "தம்பி, பகிர்ந்து உண்ண வேண்டும் என்று படித்தோமே, மறந்துவிட்டாயா? கொஞ்சம் கொடு" என்றேன். அவனும் கொடுத்தான். அந்தத் தாய்க் குரங்கு எடுப்பதற்குள் பின்னாலிருந்து பெரிய கடுவன் ஒன்று பாய்ந்து வந்து பையையே பற்றி இழுத்தது. சிறுவன் விடவில்லை. அவன் மணிக்கட்டில் பற்கள் பதிந்தன. மருத்துவமனையில் காயத்தைக் கழுவித் தடுப்பூசி போட்டார்கள். காயம் ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்து அவ்வழியே நடைப்பயிற்சிக்குச் சென்றபோது, அதே மரத்தடியில் இரும்புக் கூண்டு ஒன்று வைத்திருக்கக் கண்டேன். உள்ளே வாழைப்பழம். மாணவர்களும் அதைக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

அந்தச் சிறுவன் பொட்டலத்தை மூடியது சரியான செயல். திறக்கச் சொன்ன நான்தான் பிழை செய்தேன். ஆயினும் நான் அவனுக்குச் சொன்னது, நம் முன்னோர் நமக்குச் சொல்லிச் சென்றதுதானே? அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

உயிர்களுக்கு உணவிடுவதை அறமாகப் போற்றிய மரபு நம்முடையது. சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு பிடி வைக்கிறோம். வாசலில் அரிசி மாவால் கோலமிட்டு எறும்பு தின்னட்டும் என்கிறோம். திருக்குறள், உள்ளதைப் பகுத்து உண்டு பல உயிர்களையும் பேணுவதைக் கொல்லாமை அதிகாரத்திலேயே வைத்து, நூலோர் தொகுத்த அறங்களில் தலையாயது என்கிறது. வள்ளலார் 1867ஆம் ஆண்டில் வடலூரில் தருமச்சாலை தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. என் பாட்டி என்னைப் பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்ற நாள்களில், கையில் கடலைப் பொட்டலம் இல்லாமல் உள்ளே நுழைந்ததே இல்லை. 1884ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று அமைத்த பூங்கா அது. நம் மக்களுக்கோ அது தண்ணீர்மலை அருவிப் பக்கம், குரங்குகளுக்குக் கடலை போடும் இடம். பாட்டி கடலையை வீசும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். அது வழிபாட்டின் தொடர்ச்சியாகவே அவருக்குத் தோன்றியிருக்கும்.

இப்படிப்பட்ட மரபில் வந்தவன் 'விலங்குகளுக்கு உணவளிக்காதீர்' என்னும் பலகையைப் பார்க்கும்போது, அது ஏதோ இரக்கமற்ற அரசு அலுவலகத்தின் கட்டளை என்றே எண்ணத் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

விடையைத் தேடியபோது எனக்குத் துணைக்கு வந்தது நாம் வகுப்பில் நாள்தோறும் எடுத்தாளும் ஒரு செய்திதான். மயில் குளிரால் நடுங்குகிறது என்று கருதித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன் பேகன். படர்வதற்குக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை விட்டுவந்தவன் பாரி. இத்தகைய கொடைக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் 'கொடைமடம்'. பரணர் பேகனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில் அச்சொல் வருகிறது. மடம் என்றால் அறியாமை. கொடுப்பதில் இவன் அறியாமை உடையவன் ஆவானேயன்றி, போரில் அறியாமை உடையவன் அல்லன் என்பது கருத்து. பழிப்பது போலப் புகழ்வது அது. மாணவர்களுக்கு இதை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆனால், அந்த மடமை ஏன் புகழுக்குரியதாயிற்று என்று ஒருமுறையும் நின்று எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்த்தால் காரணம் எளிது. போர்வையால் மயிலுக்குப் பயன் இல்லாமல் போகலாம். கேடு ஒன்றும் இல்லை. போர்வை நழுவி விழுந்தால் மயில் தன் வழியே போய்விடும். மறுநாள் அது பேகனின் அரண்மனைக் கதவைத் தட்டப் போவதில்லை. தேர் போனதால் இழப்பு பாரிக்கு. முல்லைக்குக் கிடைத்ததோ கொழுகொம்பு. அந்த வள்ளல்களின் அறியாமைக்கு விலை கொடுத்தவர்கள் அந்த வள்ளல்களே. ஆகவே புலவர்கள் அதைப் பாடினார்கள். நாம் வீசும் கடலைக்கும் சோற்றுக்கும் விலை கொடுப்பது வாங்கிய உயிர். மகிழ்ச்சி நமக்கு, கூண்டு அதற்கு. இதைக் கொடைமடம் என்று அழைத்தால் பேகன் பொறுக்க மாட்டான்.

விலை என்ன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்க்கலாம். நம் தீவில் மிகுதியாகத் திரிவது நீண்டவால் குரங்கு. மலாயில் 'கெரா' என்பார்கள். கன்னத்தில் பை உடையது. கிடைத்ததை அடைத்துக்கொண்டு ஓடிவிடும். காட்டில் பழமும் இலையும் நண்டும் தேடிப் பகலெல்லாம் அலைய வேண்டிய உயிருக்கு ஒரு பொட்டலத்தில் ஒரு நாளுக்கான உணவு கிடைத்துவிட்டால், அது ஏன் அலையப் போகிறது? கூட்டம் பாதையோரத்தில் தங்கிவிடுகிறது, குட்டிகள் பெருகுகின்றன. பை என்றால் சோறு என்று குட்டிகளும் கற்றுக்கொள்கின்றன. (கற்பித்தல் முறை பற்றி இத்தனை ஆண்டுகள் படித்த நமக்கு, ஒரே ஒரு முறை வெகுமதி தந்தால் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பது தெரியாததன்று.) பின்பு ஒரு நாள் யாரோ கொடுக்க மறுக்கிறார்கள், கடி விழுகிறது, புகார் போகிறது, கூண்டு வருகிறது. நம் நாட்டில் இப்படிப் பிடித்துக் கொல்லப்பட்ட குரங்குகளின் தொகை ஆயிரக்கணக்கில் ஆகும். எங்கும் காணப்படுவதால் குறைவின்றி இருப்பதாக நாம் நினைக்கும் இந்த இனத்தைத்தான், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது.

இதே மலைகளில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்கும் உண்டு. மலாயில் 'லோத்தோங்'. அது இலையுண்ணி. மாட்டின் வயிறு போல அதன் வயிற்றிலும் அறைகள் உண்டு. நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. அத்தகைய வயிற்றில் ரொட்டியும் இனிப்பும் போய் விழுந்தால் என்னவாகும்? அன்பால் ஊட்டினோம் என்பதற்காக வயிறு தன் இயல்பை மாற்றிக்கொள்ளுமா?

குரங்கிடம் நாம் செய்யும் பிழையை வேறு நாட்டார் கரடியிடம் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டில் அமைந்த யெல்லோஸ்டோன் பூங்காவில், விடுதிகளின் எச்சில் உணவைக் கொட்டும் குப்பைமேட்டைச் சுற்றி இருக்கைகள் அமைத்து, கரடிகள் தின்ன வருவதை மாலைக் காட்சியாக மக்களுக்குக் காட்டினார்கள். சாலையோரத்தில் கார்க் கண்ணாடியை இறக்கிக் கரடிக்கு ரொட்டி கொடுப்பது குடும்பப் பொழுதுபோக்காக இருந்தது. விளைவு என்ன? 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் அங்கே கரடிகளால் காயமுற்றார்கள். 1970ஆம் ஆண்டளவில் குப்பைமேடுகளை மூடினார்கள். குப்பையையே நம்பி வளர்ந்த கரடிகள் கூடாரங்களுக்குள் நுழைந்தன. நுழைந்தவற்றுள் பல கொல்லப்பட்டன. 1975ஆம் ஆண்டில் கிரிஸ்லிக் கரடியைக் காப்பதற்குச் சட்டம் தேவைப்பட்டது. சோறு கண்ட கரடி செத்த கரடி என்று அந்நாட்டு வனக் காவலர்கள் கூறுவதுண்டு. முதுகில் பை சுமந்து அக்காடுகளில் நடப்பவர்கள் இன்று உணவைக் கரடியால் திறக்க முடியாத கெட்டியான கொள்கலத்தில் வைக்கிறார்கள். அல்லது இரண்டு மரங்களுக்கிடையே கயிற்றில் உயரத் தொங்கவிடுகிறார்கள். சமைக்கும் இடமும் உறங்கும் இடமும் ஏறத்தாழ 90 மீட்டர் விலகி இருக்க வேண்டும் என்பார்கள். பற்பசையையும் வழலையையும்கூடக் கூடாரத்துக்குள் வைப்பதில்லை. கரடிக்கு மூக்குதான் கண்.

நம்மவர் வாழும் இடங்களிலும் இதற்குச் சான்று உண்டு. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் கரடிகள் ஊருக்குள் இறங்கி, கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அடிக்கடி செய்தியாகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமனை, யால காடுகளின் வழியே கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை இன்னொன்று. ஆடிவேல் விழாவை ஒட்டி நடக்கும் அந்த யாத்திரையில் பக்தர்கள் அரிசியையும் பருப்பையும் தலையிலும் தோளிலும் சுமந்து, யானையும் கரடியும் திரியும் காட்டில் இரவைக் கழிக்கிறார்கள். அக்காட்டில் பாலைப்பழம் பழுக்கும் பருவமும் அதையொட்டியே வருகிறது. கரடிகள் பாலை மரத்தில் ஏறிப் பழத்தைத் தின்னும் காலத்தில், மரத்தடியே அரோகரா ஒலி எழுகிறது! கரடிக்குத் தன் பழம் இருக்கிறது. பக்தனுக்குத் தன் கட்டுச்சோறு இருக்கிறது. இரண்டும் கலவாதவரை இருவருக்கும் நலம். அந்தப் பாதயாத்திரையில் நடப்பவர்களைவிட வண்டியில் போகிறவர்கள் செய்ததுதான் கவலைக்குரியது. புத்தளை–கதிர்காமச் சாலையில் யானைகளுக்குப் பழம் கொடுத்துப் பழக்கியதன் பயனாக, அங்கே யானைகள் வண்டியை மறித்து நிற்கின்றன. கண்ணாடிக்குள் துதிக்கையை நீட்டுகின்றன. முருகனைக் காணப் போகிறவர்கள் யானைமுகனுக்குப் படைப்பதாக எண்ணியிருக்கலாம். காட்டின் அரசனைச் சாலையோரத்து இரவலனாக்கியது அந்தப் படையல்.

"பினாங்கில் கரடி இல்லையே ஐயா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். தீவில் இல்லை என்பது உண்மை. ஆனால் தீவில் நாம் குடிக்கும் நீரில் கரடிக்குப் பங்கு உண்டு என்றால் வியப்பார்கள். பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு பிறப்பது கெடா மாநிலத்தின் உலு மூடா காட்டில். ஒன்றரை லட்சம் ஹெக்டருக்கு மேல் பரந்த அக்காட்டில் யானையும் காட்டெருதும் இருவாசிப் பறவைகளும் வாழ்கின்றன; சூரியக் கரடியும் வாழ்கிறது. உலகக் கரடி இனங்களில் இதுவே சிறியது. மார்பில் ஆரஞ்சு நிறப் பிறை, மரமேறும் வளைந்த நகங்கள், தேன்கூட்டைத் துழாவும் நீண்ட நாக்கு. இது பழத்தைத் தின்று கொட்டைகளைக் காடெங்கும் விதைக்கிறது. மரம் இருந்தால் மழைநீரை மண் பிடித்து வைக்கும். மண் பிடித்து வைத்தால் வறட்சியிலும் ஆறு ஓடும். ஜார்ஜ் டவுனில் குழாயைத் திறக்கும் பிள்ளை, தான் ஒருநாளும் பாராத கரடியின் உழைப்பில் ஒரு துளியைப் பருகுகிறது. உண்மையில், கொடுக்கல் வாங்கலில் இங்கே கடன்பட்டவர் யார்?

நீரைப் பற்றிப் பேச்சு வந்ததால், காட்டு நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெளிந்த நீர் தூய நீர் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கவிதைக்கு அது போதும், குடிப்பதற்குப் போதாது. பளிங்கு போல ஓடும் ஓடையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம். அவற்றுள் நம் நாட்டினர் மறக்கக் கூடாதது எலிக்காய்ச்சல். எலி முதலான விலங்குகளின் சிறுநீரில் வெளிவரும் அக்கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடலுக்குள் புகும். 2010ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்து லூபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடுவதற்காக நீரில் இறங்கியவர்களுள் எண்மர், இந்நோயாலும் மெலியாய்டோசிஸ் என்னும் இன்னொரு கிருமி நோயாலும் இறந்தார்கள். பிறர்க்கு உதவ இறங்கிய மனிதர்கள் அவர்கள். அவ்வாண்டு இறுதியில் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது.

சோற்றுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பு இங்கே வெளிப்படுகிறது. உல்லாசப் பயணி எறிந்த மீதிச் சோற்றைக் குரங்கு பாதி தின்னும். மீதியை இரவில் எலி தின்னும். எலி பெருகும், மழையில் அதன் கழிவு ஓடைக்குப் போகும், கீழே இன்னொருவர் அந்த ஓடையில் முகம் கழுவுவார். மேலே எறிந்தவர் அதற்குள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, நல்ல பொழுது கழிந்தது என்று உறங்கிக்கொண்டிருப்பார். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைச் சாலை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல் அமைப்பது நமக்குப் பெருமை தரும் தொண்டு. வெயிலில் நடந்து வருகிறவருக்கு மோரும் சோறும் தருவதைவிடப் பெரிய காரியம் என்ன இருக்கிறது? ஆனால் வாங்கிப் பாதியில் எறிந்த பொட்டலங்களை மறுநாள் காலையில் பார்த்தவர்களுக்கு, அன்னதானம் எங்கே முடிந்து குப்பை எங்கே தொடங்குகிறது என்ற ஐயம் வரும். இறுதி இலை வரை பொறுக்கிவிட்டுப் போகும் பந்தல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் கைகூப்பி வணங்குவேன்.

காட்டில் தங்குகிறவர் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். நன்கு குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம். துணியில் வடிகட்டினால் மண் நீங்கும், கிருமி நீங்காது. பாத்திரம் கழுவுவதும் ஒதுங்குவதும் ஓடையிலிருந்து 60 மீட்டராவது விலகி இருக்க வேண்டும். உடம்பில் புண் இருந்தால் நீரில் இறங்காமலிருப்பது நல்லது. இவை ஏதோ சாரணர் கையேட்டுக் குறிப்புகள்தாமே என்று கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடையின் கீழே இருக்கும் முகந்தெரியாத மனிதனை நினைவில் வைத்துப் பாத்திரத்தைத் தூரத்தில் கழுவுகிறவன் செய்வது, பெயர் சொல்லப்படாத ஈகை. நன்றி கிடைக்காது, புகைப்படம் கிடைக்காது. காக்கைக்கு வைத்த சோற்றையாவது காக்கை வந்து எடுப்பதைப் பார்க்கலாம். இதில் அந்தச் சிறு நிறைவும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பின், எனக்கு நானே எழுப்பிக்கொண்ட தடை ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. குரங்கு பாதையோரத்துக்கு வந்தது நம் கடலைக்காக மட்டுந்தானா? அதன் மரங்களை வெட்டி, சரிவுகளைக் குடைந்து, அடுக்குமாடிகளை எழுப்பியவர்கள் நாம். வீட்டைப் பிடுங்கிக்கொண்டவன், வாசலில் வந்து நிற்கும் பழைய வீட்டுக்காரனைப் பார்த்து, "உனக்குச் சோறு கொடுத்தால் கெட்டுப்போவாய்" என்று அறம் பேசலாமா? இக்கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுவிலங்குக்கு உணவளிப்போர்க்கு முதல் குற்றத்துக்கு 5000 வெள்ளி வரை தண்டம் உண்டு. தண்டம் கையைத் தடுக்கும், கேள்வியைத் தடுக்காது. நான் காணும் அளவில், பிடி சோறு அந்தக் கடனைத் தீர்ப்பதில்லை. அது கடன் தீர்ந்துவிட்டது போன்ற நினைப்பை மட்டும் தருகிறது. கடலை வீசிய கை, காடு அழியும்போது கையொப்பம் இட்டு மறுப்புத் தெரிவிக்கவும் நீண்டிருந்தால் என் பாட்டியின் வழிபாடு நிறைவு பெற்றிருக்கும். பாட்டியைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லிவிட்டார்கள்.

கொடுக்கக் கூடாது என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. பினாங்கு மலைக்கு நடந்து ஏறும் பாதையில், தன்னார்வலர்கள் சிலர் தண்ணீரைச் சுமந்துகொண்டுபோய்த் தேநீர் கொதிக்க வைத்து, ஏறி வருகிறவர்க்குத் தருகிறார்கள். பெரும்பாலோர் முதிய சீனர்கள். மூச்சிரைக்க நின்ற என்னிடமும் ஒருவர் குவளையை நீட்டினார். பெயர் கேட்கவில்லை. குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி வைக்குமாறு சைகையால் காட்டினார். தாகம் எடுத்தவன் மனிதன். அவன் தாகம் தீர்ந்ததும் இறங்கிப் போய்விடுவான். நாளை அவனும் ஒரு குடம் சுமக்கக்கூடும். வாங்குபவனை வாங்குபவனாகவே நிறுத்தி வைக்காத கொடை அது. குரங்குக்கும் கரடிக்கும் நாம் அப்படிக் கொடுக்க முடியாது. அவற்றிடமிருந்து நம் சோற்றைக் காத்துக்கொள்ளத்தான் முடியும்.

மாணவியின் ஏட்டுக்கு வருகிறேன். "தவறு செய்தவர் யார்?" என்ற வினாவின் கீழே "நான்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, முழு மதிப்பெண் கொடுத்தேன். வகுப்பாசிரியை அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, முடிவுரை இல்லாத கட்டுரைக்கு முழு மதிப்பெண்ணா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. மதிப்பெண் திட்டத்தில் முடிவுரைக்கு இடம் உண்டு. கடிபட்ட சிறுவனையும் அவன் பெற்றோரையும் அழைத்து, நான் சொன்னதால்தான் அவன் பையைத் திறந்தான் என்று சொன்னேன். அவன் தந்தை, "பரவாயில்லை ஐயா, நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். நல்லதுக்குச் சொன்னது என்பதுதான் என்னை உறுத்தியது. தீய எண்ணத்தோடு சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை கேட்டிருக்கவே மாட்டான்.

அடுத்த ஆண்டு விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கெடாவில் காட்டோரம் ஒரு முகாமுக்கு அழைத்துச் சென்றோம். அரிசி, பருப்பு, நெத்திலிக் கருவாடு யாவற்றையும் இறுக மூடும் பெட்டிகளில் அடைத்து, இரவில் வண்டிக்குள் பூட்டிவைத்தோம். கூடாரத்துக்குள் மிட்டாய் வைத்திருந்தவர்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசி மிட்டாய் வர இரவு பத்து மணி ஆயிற்று. ஓடை நீரைக் கொதிக்க வைத்து ஆற்றினோம். புகை நாற்றம் அடிக்கிறது என்று பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். காலையில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த வனப் பணியாளர், முகாமிலிருந்து சற்றுத் தொலைவில் நின்ற பெருமரம் ஒன்றைக் காட்டினார். பட்டையில் வரிவரியாக நகக் கீறல்கள், தேன்கூட்டை நோக்கி மேலே மேலே ஏறிச் சென்றிருந்தன. சூரியக் கரடியின் சுவடு, பழையது என்றார். அந்த மாணவி அடிமரத்தில் கை வைத்து, எட்டியவரை கீறல்களை எண்ணினாள். கடிபட்ட சிறுவன் அவள் பின்னால் நின்று, "மேலே இன்னும் இருக்கு, விட்டுட்டே" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.